அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? கிண்டியில் பிறந்த ஒரு படத்தின் வரலாறு

இரண்டு அஞ்சலட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையின் வலது கீழ் மூலையிலும் மற்றோர் அட்டையின் இடது மேல் மூலையிலும் ஊசியால் துளையிட்டு, இரண்டையும் நூலால் கட்டுங்கள். இப்போது ஓர் அட்டையை மேசைமீது அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பிப் பாருங்கள். அட்டை மடங்காது, ஆனால் கட்டிய மூலையில் பலவாறு திரும்பும். சில நிலைகளில் தாராளமாக நிற்கும். வேறு சில நிலைகளில் ஓர் அட்டை மற்றதன்மீது இடித்துக்கொண்டு மேலே நகர மறுக்கும்.

இந்தச் சிறு விளையாட்டில் உயிரியலின் ஒரு பெரிய அதிகாரம் அடங்கியிருக்கிறது. நம் தசை, தோல், முடி, குருதியில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்க உதவும் நொதிகள் ஆகியவை எல்லாம் புரதங்கள். அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளை மணிகளைப் போலக் கோத்த நீண்ட சங்கிலியே புரதம். ஒரு மணியையும் அடுத்த மணியையும் இணைக்கும் பகுதிக்குப் பெப்டைடு இணைப்பு என்று பெயர். அப்பகுதியின் அணுக்கள் எல்லாம் ஒரே தளத்தில் தட்டையாக அமைந்தவை என்பதை அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் வலியுறுத்தினார்கள். அந்த அடிப்படையின் மீதே 1951-ல் ஆல்ஃபா சுருள் என்ற புகழ்பெற்ற அமைப்பை அறிவித்தார்கள்.

உங்கள் கையிலுள்ள அஞ்சலட்டைதான் அந்தத் தட்டையான பகுதி. நூல் கட்டிய மூலையில் இருப்பது ஒரு கரி அணு. அதை ஆல்ஃபா கரி அணு என்பார்கள். அதன் இருபுறத்துப் பிணைப்புகளையும் அச்சாகக் கொண்டு அட்டைகள் சுழலலாம். ஆகவே ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உண்டு. ஒன்றுக்கு ஃபை என்றும் மற்றதற்குச் சை என்றும் கிரேக்க எழுத்துகளின் பெயரை இட்டிருக்கிறார்கள். நூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தின் முதுகெலும்பு எப்படி வளைந்து நெளிந்து செல்கிறது என்பதைச் சொல்ல ஏறத்தாழ இருநூறு எண்கள் போதும்! எத்துணை சிக்கனம், பாருங்கள்.

ஆனால் எந்தக் கோணமும் எந்தக் கோணத்தோடும் சேரலாமா? அட்டைகள் இடித்துக்கொள்வது போல அணுக்களும் இடித்துக்கொள்ளும் அல்லவா? எந்தெந்தச் சேர்க்கைகள் இயலும், எவை இயலா? இக்கேள்விக்கு முதன்முதலில் முழுமையான விடை வரைந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய ஒரு பேராசிரியரும் அவரிடம் ஆய்வு பயின்ற இருவரும் ஆவர். அந்த விடை 1963-ல் அச்சேறியது. அதற்கு வழிவகுத்தது ஒரு கண்டனம் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

முப்பது வயதுப் பேராசிரியர்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து முதலிடம் பெற்றபின், 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் பயிலச் சென்றார். அங்கே சர் சி. வி. இராமனின் கண்ணில் பட்டார். மின் பொறியியல் ஒரு மாணவரை இழந்தது, இயற்பியல் ஒருவரைப் பெற்றது. பின்னர் கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் 1947 முதல் 1949 வரை படிக இயல் ஆராய்ச்சி செய்து இரண்டாவது டாக்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது, இராமன் பரிந்துரைத்த பெயர் ராமச்சந்திரன். 1952-ல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பது நிரம்பிக்கொண்டிருந்தது. இன்று அந்த வயதில் ஒருவர் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்.

அக்காலத்தில் ஓர் ஆய்வு மாணவர் இத்துறையில் என்ன கற்றார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இக்கதையில் திறமைக்கு நிகராகப் பயிற்சிக்கும் பங்குண்டு.

முதலில் படிகம் வளர்க்க வேண்டும். உப்புக் கரைசல் வற்றும்போது உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே ஆராய வேண்டிய பொருளின் கரைசலை மெல்ல மெல்ல வற்றவிட்டு, பழுதில்லாத சிறு படிகம் ஒன்றைப் பெற வேண்டும். அவசரப்பட்டால் தூள்தான் கிடைக்கும். அப்படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அடுக்கடுக்காக அமைந்த அணுக்களால் சிதறடிக்கப்பட்ட கதிர்கள் ஒளிப்படச் சுருளில் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பதியும். சில புள்ளிகள் கருமையாக இருக்கும். சில கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியின் கருமையையும், முன்னமே அளவிட்டு வைத்த ஒரு பட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது அக்கால வழக்கம். நாளெல்லாம் ஒளிப்பெட்டியின்முன் குனிந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இவ்வளவும் செய்தபின் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு கோயிலில் பல மணிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் எவ்வளவு உரக்க ஒலித்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த மணி எந்தக் கணத்தில் அடிக்கத் தொடங்கியது என்பது தெரியாது. அப்படியானால் மொத்த ஓசையை உங்களால் மீண்டும் எழுப்ப முடியாது. ஒளிப்படச் சுருளும் இப்படித்தான். புள்ளியின் கருமை அலையின் வலிமையைச் சொல்லும். அலையின் கட்டத்தைச் சொல்லாது. இந்தக் கட்டப் பிரச்சினையைக் கடக்க என்ன வழி என்பதே அன்று உலகெங்கும் படிக இயலாரின் கவலை. கிண்டியிலும் இத்துறையில் முதல்தரமான பணிகள் நடந்தன. ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் எழுதி 1970-ல் வெளியான நூல், படிக இயலில் ஃபூரியே முறைகளைப் பற்றியதே ஆகும்.

கட்டங்களை ஊகித்த பிறகு நெடுங்கணக்குகள் தொடங்கும். சைன், கோசைன் மதிப்புகளை ஆயிரக்கணக்கில் கூட்ட வேண்டும். கணிப்பொறி கிடையாது. மடக்கை அட்டவணையும், கைப்பிடி சுழற்றும் எந்திரமோ மின்சாரத்தில் ஓடும் மேசைக் கணக்கு எந்திரமோதான் துணை. ஒரே ஒரு சிறு மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிப்பதே ஒரு மாணவரின் டாக்டர் பட்டத்துக்குப் போதுமான உழைப்பாக இருந்த காலம் அது. இதில் தேறிய மாணவருக்கு இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். எந்த எண்ணையும் அதன் பிழையெல்லையோடு சேர்த்துப் பார்ப்பார். சலிப்பில்லாமல் கணக்குப் போடுவார். இவ்விரண்டும் பின்னால் எப்படிக் கைகொடுத்தன என்பதைப் பார்ப்போம்.

முப்புரிக் கயிறு

ராமச்சந்திரன் பொறுப்பேற்ற புதிதில், ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தார். புரதங்களை எக்ஸ் கதிரால் ஆராயலாம் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று அவர் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். பெருங்கேள்வி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த இளம் பேராசிரியருக்கு அது போதுமானதாக இருந்தது.

கொலாஜன் நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம். தோலுக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் நிறைந்திருப்பதும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிவதற்குச் சட்டமாக நிற்பதும் இதுவே. தோல் பதனிடும் தொழிலின் மூலப்பொருளே கொலாஜன்தான். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு அருகில், அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்வாராய்ச்சிக்கு நல்ல அண்டை வீடாக அமைந்தது. கொலாஜன் மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன.

ராமச்சந்திரனோடு இப்பணியில் இறங்கியவர் கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளர். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின் என்பது வேதியியலார் முன்னமே கண்ட உண்மை. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். மூன்றில் ஒன்று என்ற இந்த விகிதத்தை அவர்கள் ஒரு தடயமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று சங்கிலிகள் அருகருகே முறுக்கி நின்று, நடுவிலுள்ள இடுக்கில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் வந்து அமையுமானால், அந்த நெருக்கமான இடத்தில் கிளைசினைத் தவிர வேறு எதுவும் நுழையாது! 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இந்த மூன்று சங்கிலி அமைப்பை வெளியிட்டார்கள். எக்ஸ் கதிர்ப் படத்தோடு இன்னும் நன்றாகப் பொருந்துவதற்காக, மூன்று சுருள்களும் ஒன்றையொன்று மீண்டும் சுற்றிச் செல்லும்படி திருத்தி, 1955 செப்டம்பரில் அதே இதழில் மறுபடியும் எழுதினார்கள். நம் ஊர்க் கயிறு திரிப்பவர் மூன்று புரிகளை முறுக்குவதை நினைத்துக்கொண்டால் இவ்வமைப்பு எளிதில் மனத்தில் நிற்கும்.

கேம்பிரிட்ஜின் ஆட்சேபம்

அதே 1955 நவம்பரில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜன் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கிரிக், இரண்டாண்டுகளுக்கு முன் வாட்சனோடு டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டவரேதான். மூன்று சங்கிலிகள், அவை ஒன்றையொன்று சுற்றும் முறுக்கு ஆகிய பொது வடிவத்தில் அவர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் வேற்றுமை இல்லை. வேற்றுமை, சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றுதான் இயலும் என்றது கேம்பிரிட்ஜ். இரண்டு பிணைப்புகளை அமைக்கப் போனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன, அது நடவாது என்பது அவர்களின் ஆட்சேபம்.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இத்தகைய கண்டனம் வரும்போது ஒருவர் என்ன செய்யலாம்? பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று பணிந்து விலகலாம். அல்லது வெளிநாட்டார் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று மனம் கசந்து பேசலாம். இரண்டும் நாம் நன்கு அறிந்த வழிகளே. கிண்டியில் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தார்கள். "அளவுக்கு மீறி" என்றால் எந்த அளவு? பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு வரை நெருங்கலாம்? அதை யாராவது முறையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கவில்லை. அணுக்களின் ஆரங்களைக் கூட்டிச் சொல்லும் ஒரு வழக்கம் இருந்தது, அது தோராயமானது. ஆனால் அதற்குள் அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலிய பல பொருள்களின் படிக அமைப்புகள் உலகெங்கும் அச்சாகியிருந்தன. அவற்றில் ஒவ்வோர் அணுவின் இருப்பிடமும் எண்களாகவே கொடுக்கப்பட்டிருந்தது. கண்டவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். அந்த விடுபட்ட எண்களில்தான் விடை கிடந்தது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில், ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் வி. சசிசேகரனும் அந்த எண்களைத் திரட்டத் தொடங்கினார்கள். ஒரு கரி அணுவுக்கும் ஓர் ஆக்சிஜன் அணுவுக்கும் இடையே இதுவரை கண்ட மிகக் குறைந்த தூரம் எவ்வளவு? இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையே? நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே? இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய் மக்கள்தொகை எடுப்பது போன்ற பணி இது. எடுப்பவருக்குப் புகழ் எதுவும் வராது. இறுதியில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தார்கள். ஒன்று சாதாரண எல்லை. பெரும்பாலான படிகங்களில் அணுக்கள் இதற்கு மேல் நெருங்குவதில்லை. மற்றது அறுதி எல்லை. அரிதாக இதுவரை நெருங்கியதுண்டு, இதற்கு அப்பால் இல்லை. எடுத்துக்காட்டாக, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு இவ்வெல்லைகள் 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) ஒற்றை எல்லைக் கோடு போடாமல் இரண்டு போட்டதுதான் இதில் நுட்பம் என்பது என் கருத்து. பிழையெல்லையோடு எண்களைப் பார்க்கப் பழகிய படிக இயலாரின் கை அதில் தெரிகிறது.

ஒருவர் போட்ட கணக்கு

எல்லைகள் கிடைத்துவிட்டன. இனி அஞ்சலட்டைகளைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இப்பணியில் சேர்ந்தவர் சி. ராமகிருஷ்ணன் என்ற ஆய்வு மாணவர்.

கணக்கு எவ்வளவு பெரிது என்பதை நீங்களே மதிப்பிடலாம். ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஃபை கோணத்தைப் பத்துப் பத்துப் பாகையாக மாற்றினால் 36 நிலைகள். ஒவ்வொன்றுக்கும் சை கோணத்தின் 36 நிலைகள். ஆக 1,296 சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கையிலும் இரண்டு தட்டைப் பகுதிகளின் அணுக்களை ஜோடி ஜோடியாக எடுத்து இடைத்தூரம் காண வேண்டும். இருபது ஜோடிகள் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 26,000 தூரங்கள்! ஒவ்வொரு தூரத்துக்கும் ஆயங்களைச் சுழற்றி, வித்தியாசம் கண்டு, வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சில ஜோடிகளின் தூரம் ஒரே ஒரு கோணத்தை மட்டுமே சார்ந்திருக்கும் என்பதைப் பயன்படுத்தினால் வேலை வெகுவாகக் குறையும். கணக்கு நன்றாக அறிந்தவர் அதைக் குறைத்துப் போடுவார் அல்லவா? அப்படியும் மீதி மலையளவு இருக்கும். அம்மலையை ராமகிருஷ்ணன் மேசைக் கணக்கு எந்திரத்தைக் கொண்டு கடந்தார். இந்தியாவின் பெரிய கணிப்பொறியான சி.டி.சி. 3600 பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது 1964-ல்தான்.

கணக்கின் முடிவை ஒரு சதுரத்தில் வரைந்தார்கள். கிடையாக ஃபை, நெடுக்காகச் சை. எந்தச் சேர்க்கையில் எல்லா ஜோடிகளும் சாதாரண எல்லைக்குள் அடங்குகின்றனவோ அந்த இடம் தாராளமாக அனுமதிக்கப்பட்டது. அறுதி எல்லைக்குள் மட்டும் அடங்கினால் அது ஓரளவு அனுமதிக்கப்பட்டது. எந்த ஜோடியாவது அதையும் மீறினால் அந்த இடம் விலக்கப்பட்டது. அலனின் என்ற எளிய அமினோ அமிலத்துக்கு இப்படி வரைந்தபோது சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாக நின்றது. அறுதி எல்லை வரை இடம் கொடுத்தாலும் அனுமதிக்கப்பட்ட பரப்பு மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கடலில் தீவுகள் போல மேல் இடப்புறம் ஒரு பெரிய நிலம், அதற்குக் கீழே இன்னொன்று, வலப்புறம் ஒரு சிறு திட்டு.

இனி அவர்கள் கண்டதைக் கவனியுங்கள். பாலிங்கின் ஆல்ஃபா சுருளின் கோணங்கள் கீழ் இடப்புற நிலத்தில் விழுந்தன. பட்டிலும் மற்றப் பல புரதங்களிலும் காணப்படும் பீட்டா விரிப்பு மேல் நிலத்தில் விழுந்தது. கொலாஜனின் சுருளும் அங்கேயே விழுந்தது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வெவ்வேறு வழிகளில் கண்ட அமைப்புகள் எல்லாம், அணுக்கள் இடித்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரே எளிய விதி வகுத்த நிலங்களில் வந்து நின்றன! இத்தனைக்கும் அந்நாளில் அணு அளவில் வடிவம் தெரிந்திருந்த புரதம், கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ குழுவினர் கண்ட மயோகுளோபின் ஒன்றே.

1963 ஜனவரியில் சென்னையில் புரத அமைப்பு பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் கூடியது. அதே ஆண்டில், ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவர் பெயரில் 'மூலக்கூறு உயிரியல் இதழ்' என்ற ஆங்கில ஏட்டில் ஐந்தே பக்கங்களில் இப்படம் வெளியானது. பின்னர் வந்த ஆண்டுகளில் லைசோசைம் முதலாகப் புரதங்களின் வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டபோது, அவற்றின் கோணங்களும் பெரும்பாலும் அதே நிலங்களிலேயே விழுந்தன. உலகம் அதை இன்று ராமச்சந்திரன் படம் என்றே அழைக்கிறது. மூவர் எழுதிய கட்டுரை ஒருவர் பெயரில் நிலைத்துவிட்டது. பாடப்புத்தகங்கள் மற்ற இருவரின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்தால் காகிதம் ஒன்றும் வீணாகிவிடாது.

கொலாஜன் சண்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே நிலைத்தது. 1994-ல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிகத்தைத் துல்லியமாக ஆராய்ந்தபோது, மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடியான பிணைப்பு ஒன்றே காணப்பட்டது. அதே படிகத்தில் நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே பாலம் போட்டிருந்ததும் தெரிந்தது. இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்று 1968-ல் சென்னையிலிருந்து எழுதியிருந்தார்கள். முப்புரி முறுக்கும், நடுவில் கிளைசின் இருக்க வேண்டும் என்ற கருத்தும் அசையாமல் நின்றன. இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. கொலாஜனில் ஒரே ஒரு கிளைசின் மாறி அங்கே பருத்த அமினோ அமிலம் ஒன்று அமர்ந்தாலும் கயிற்றின் முறுக்கு கெடலாம். தொட்டால் எலும்பு முறியும் பிறவி நோய் ஒன்று குழந்தைகளுக்கு வருவதற்கு இத்தகைய மாற்றமே பெரும்பாலும் காரணம்.

ஆக, கண்டனம் ஒரு பிணைப்பைப் பொறுத்தவரை சரி. அக்கண்டனத்துக்கு விடை தேடப் போய்க் கிடைத்ததோ எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோல்.

கிண்டிக் குழு நெடுநாள் ஒன்றாக இருக்கவில்லை. கர்த்தா முன்னமே அமெரிக்கா சென்று, பஃபலோ நகரில் டேவிட் ஹார்க்கர், ஜேக் பெல்லோ ஆகியோருடன் சேர்ந்து ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தை 1967-ல் வெளியிட்டார். ராமச்சந்திரன் 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டு நீங்கி, 1971-ல் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அங்கேயே பணியாற்றி, அடுத்த தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்கள். அதே பெங்களூரில் எம். விஜயன் தலைமையில் வளர்ந்த புரதப் படிக இயல் குழு, நிலக்கடலையில் உள்ள லெக்டின் என்ற புரதத்தின் வடிவத்தை 1994-ல் வெளியிட்டது. நாம் வறுத்துக் கொறிக்கும் கடலைக்குள் அப்படி ஒரு விந்தையான நாலடுக்கு அமைப்பு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்! ராமச்சந்திரனுக்கு 1977-ல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், 1999-ல் படிக இயலாரின் பன்னாட்டு ஒன்றியம் வழங்கும் எவால்ட் பரிசும் கிடைத்தன. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இன்று இத்துறையில் சேரும் ஆய்வு மாணவர் ஒளிப்பெட்டியின்முன் குனிவதில்லை. 1971-ல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி, 2023-ல் இரண்டு இலட்சத்தைக் கடந்துவிட்டது. அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்தால் வடிவத்தை ஊகித்துச் சொல்லும் கணிப்பொறி முறைக்கு 2024-ல் நோபல் பரிசே வந்துவிட்டது. ஆயினும் ஒரு மாணவர் தாம் கட்டிய அமைப்பைப் பேராசிரியரிடம் காட்டும்போது, அவர் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, "ராமச்சந்திரன் படம் எங்கே?" என்பதே. ஒவ்வோர் அமினோ அமிலமும் அப்படத்தில் ஒரு புள்ளி. கிளைசின்களுக்கு மட்டும் தனிப்படம் பார்க்க வேண்டும். பக்கக்கிளை இல்லாததால் அவை மற்றவை போக முடியாத இடங்களுக்கும் போகும். நன்கு தீர்க்கப்பட்ட அமைப்பில் நூற்றுக்கு 98-க்கு மேற்பட்ட புள்ளிகள் விருப்பமான நிலங்களுக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு. கடலில் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்தில் எக்ஸ் கதிர்த் தரவு உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா என்று மாணவர் போய்ப் பார்த்து வர வேண்டும். பெரும்பாலும் தவறு அவருடையதாக இருக்கும். எப்போதோ ஒரு முறை, புரதம் தன் வேலைக்காக உண்மையிலேயே வலிந்து வளைந்திருக்கும். அந்த இடம்தான் பெரும்பாலும் நொதியின் இதயம்.

இந்தச் சோதனைக்கு வலிமை தருவது ஒரு நிபந்தனை. அமைப்பைச் சீர்படுத்தும் கணக்கில் ஃபை, சை கோணங்களைக் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாது. விடைத்தாளை முன்னமே பார்த்து எழுதிய தேர்வுக்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்? உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவு குறைந்த படங்களிலிருந்து அமைப்புகள் வரத் தொடங்கியபின் இக்கேள்வி பெரிதாயிற்று. ஏனெனில் அங்கே கணிப்பொறி நிரல்கள் புள்ளிகளை நிலத்துக்குள் தள்ளிவிட முடியும். ஆகவே 2020-ல் ஆராய்ச்சியாளர்கள், 1990-களில் உருவான ராமா-இசட் என்ற ஓர் அளவை மீண்டும் எடுத்து முன்வைத்தார்கள். புள்ளிகள் நிலத்துக்குள் இருக்கின்றனவா என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. அந்நிலத்துக்குள் அவை இயற்கையான புரதங்களில் பரவியிருப்பது போலப் பரவியிருக்கின்றனவா, அல்லது யாரோ கொண்டுவந்து நிறுத்தியது போல நிற்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கேட்கிறது.